டேக்வாண்டோ வகுப்பில் மூத்தவரும் இளையவரும்: பெற்றோர் அறிய வேண்டியது

சில ஆண்டுகளுக்கு முன்பு என் வகுப்பில் பச்சை பெல்ட் நிலையில் இருந்த பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன், தொடர்ந்து இரண்டு வகுப்புகளில் வலது கையை யார் கண்ணிலும் படாமல் வைத்துக்கொண்டே பயிற்சி செய்தான். மூன்றாவது வகுப்பின் தொடக்கத்தில், வணக்கம் செலுத்துவதற்காக எல்லோரும் கைகளைத் தொடையோடு ஒட்டி நின்றபோதுதான், அவனுடைய சுண்டுவிரல் வீங்கி நீலம் பூத்திருப்பதைக் கண்டேன். எதிராளியின் உதையை விரிந்த கையால் தடுக்கப் போய் விரல் எலும்பு முறிவது எங்கள் விளையாட்டில் அடிக்கடி நேர்கிற காயம். எக்ஸ்ரேயும் முறிவு என்றே காட்டியது. காயத்தைவிட, அதை மறைத்ததற்கு அவன் சொன்ன காரணமே என்னை நிலைகுலையச் செய்தது. "சீனியர் அண்ணாகூட ஸ்பாரிங் பண்றப்போ பட்டது மாஸ்டர். சொன்னா அண்ணாவ மரியாதை இல்லாம மாட்டிவிட்ட மாதிரி ஆயிடும்" என்றான். மரியாதை என்ற சொல்லை அந்த வகுப்பில் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அதன் எல்லை எதுவென்று ஒருநாளும் சொல்லிக்கொடுக்கவில்லை.

டேக்வாண்டோ பிறந்த கொரியாவின் மொழியில், ஓரிடத்தில் நமக்கு முன்பே சேர்ந்தவரை ‘சொன்பே’ என்றும் பின்னால் வந்தவரை ‘ஹூபே’ என்றும் சொல்வார்கள். ‘சொன்’ என்றால் முன், ‘ஹூ’ என்றால் பின், ‘பே’ என்றால் கூட்டம். முன்னவர், பின்னவர் என்று நாம் அப்படியே தமிழில் சொல்லிவிடலாம். பள்ளி, பல்கலைக்கழகம், அலுவலகம், ராணுவம் என எல்லா இடங்களிலும் இந்த உறவு உண்டு. பின்னவர் முன்னவரிடம் மரியாதைப் பேச்சில் பேசுவார். எதையும் இரு கைகளால் கொடுப்பார், இரு கைகளால் வாங்குவார். இவை வெளியிலிருந்து பார்ப்பவருக்கும் உடனே தெரிந்துவிடும். சேர்ந்து சாப்பிடப் போனால் பெரும்பாலும் பணம் கொடுப்பவர் சொன்பேதான் என்பதும், புதிதாக வந்தவருக்கு இடத்தின் நடைமுறைகளைச் சொல்லித்தருவது அவர் பொறுப்பே என்பதும் அவ்வளவு எளிதில் கண்ணில் படுவதில்லை.

தோஜாங் எனப்படும் பயிற்சிக்கூடத்தில் இந்த உறவோடு பெல்ட்டின் வரிசையும் சேர்ந்துகொள்கிறது. கறுப்பு பெல்ட்டுக்குக் கீழே உள்ள நிலைகள் ‘கூப்’; எண் குறையக் குறைய நிலை உயரும். கறுப்பு பெல்ட்டின் நிலைகள் ‘டான்’; முதல் டானிலிருந்து ஒன்பதாம் டான் வரை ஏற வேண்டும். 1972இல் சியோலில் நிறுவப்பட்ட டேக்வாண்டோ தலைமையகமான குக்கிவோன் வகுத்த விதிப்படி, முதல் டானிலிருந்து இரண்டாம் டானுக்கு ஓராண்டும், அங்கிருந்து மூன்றாவதற்கு இரண்டு ஆண்டுகளும், நான்காவதற்கு மேலும் மூன்று ஆண்டுகளும் காத்திருக்க வேண்டும். 15 வயது நிரம்பாத பிள்ளைகள் எவ்வளவு திறமையாக ஆடினாலும் அவர்களுக்கு டான் கிடைக்காது. ‘பூம்’ என்ற நிலைதான் கிடைக்கும். அதன் பெல்ட் பாதி சிவப்பு, பாதி கறுப்பு. உடல் கற்றுக்கொண்டுவிட்ட வித்தைக்குரிய பொறுப்பைத் தாங்க மனமும் முதிர வேண்டும் என்பதாகவே நான் அந்த விதியைப் புரிந்துகொள்கிறேன்.

வகுப்பு தொடங்கும்போது உயர்ந்த நிலையில் உள்ள மாணவர் முன்வரிசையின் வலது ஓரத்தில் நின்று, நிமிர்ந்து நிற்க ‘சாரியொத்’ என்றும் வணங்க ‘கியோங்னே’ என்றும் குரல் கொடுப்பார். பயிற்றுநருக்கு ‘சபொம்நிம்’, கூடத்தின் தலைவருக்கு ‘குவான்ஜாங்நிம்’ என்று அழைப்பு முறை. கட்டளைக்குக் குரல் கொடுக்கும் அந்த மாணவர் இவ்விரண்டில் எதுவுமல்லர் என்பதைப் பெற்றோர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அவர் வரிசையை ஒழுங்கு செய்யலாம், கால் வைக்கும் கோணத்தைத் திருத்தலாம். தண்டனை கொடுக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. சண்டைப் பயிற்சிக்கு முன் இருவரும் ஒருவரை ஒருவர் வணங்குவதையும் கவனியுங்கள். இளையவர் குனிய மூத்தவர் அசையாமல் நிற்கும் வணக்கம் எங்கள் முறையில் இல்லை.

வயதும் பெல்ட்டும் எதிரெதிராக வந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. மகளுக்குச் சிவப்பு பெல்ட், அவளைப் பார்த்து ஆசைப்பட்டுச் சேர்ந்த தந்தைக்கு வெள்ளை பெல்ட் என்ற நிலை என் வகுப்பிலேயே இருந்தது. வரிசையில் அவர் மகளுக்குப் பின்னால்தான் நின்றார். அவள் அவருடைய நிற்கும் முறையைத் திருத்தியபோது ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. வாசலைக் கடந்து செருப்பை மாட்டியதும் அவர் அப்பா, அவள் மகள். கொரியாவிலும் வரிசையைப் பெல்ட் தீர்மானிக்கும், பேச்சின் மரியாதையை வயதும் சேர்ந்து தீர்மானிக்கும்.

பயிற்றுநர் வகுப்புக்காகச் சியோல் சென்றிருந்தபோது, குடியிருப்புப் பகுதி ஒன்றில் இருந்த சிறிய தோஜாங்கில் ஒரு மாலையைக் கழித்தேன். பள்ளி முடிந்து வேனில் வந்து இறங்கிய பிள்ளைகளில், பூம் பெல்ட் அணிந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, புதிதாகச் சேர்ந்த ஆறு வயதுப் பையனின் முன்னால் முழந்தாளிட்டு அமர்ந்து அவனுடைய வெள்ளை பெல்ட்டை அவிழ்த்து மறுபடி கட்டிவிட்டாள். இரு முனைகளும் சம நீளமாகத் தொங்குகின்றனவா என்று இழுத்துப் பார்த்த பிறகுதான் எழுந்தாள். யாரும் அவளிடம் அதைச் செய்யச் சொல்லவில்லை. மூத்த மாணவர் என்றால் யார் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் காட்சியைத்தான்.

இதற்கு நேர்மாறான ஒரு வழக்கமும் கொரியாவில் இருந்தது. அதைப் பாரம்பரியம் என்ற பெயரில் நம் ஊர் வகுப்புகளுக்குள்ளும் சிலர் கொண்டுவருவதால் அதன் வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. மூத்தோருக்கும் இளையோருக்கும் இடையே ஒழுங்குமுறை வேண்டும் என்ற கருத்து, பண்டைச் சீன அறிஞர் மென்சியஸ் வகுத்த ஐந்து உறவுகளில் ஒன்றாகக் கொரிய வாழ்வில் ஊறியது, அது பழமையானது. பெல்ட் வரிசை அவ்வளவு பழையதன்று. டான் நிலைகளை ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1883இல் ஜப்பானில் முதன்முதலாக மாணவர்களுக்கு வழங்கினார். 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானிய ஆட்சியில் இருந்தது. அந்நாள்களில் ஜப்பானில் கராத்தே பயின்று திரும்பியவர்கள் தொடங்கிய பள்ளிகளிலிருந்தே இன்றைய டேக்வாண்டோ வளர்ந்தது. 1944இல் சுங் தோ குவான் என்ற பள்ளியைத் தொடங்கிய லீ வொன் குக் அவர்களுள் ஒருவர். டேக்வாண்டோ என்ற பெயரே 1955இல்தான் வந்தது. அதை முன்மொழிந்த சோய் ஹோங் ஹி ராணுவத் தளபதி. கலை படைவீரர்களிடையே பரவியபோது படைமுகாமின் பழக்கங்களும் அதோடு ஒட்டிக்கொண்டன. கைகளை முதுகில் கட்டிக்கொண்டு தலையைத் தரையில் ஊன்றி உடலைத் தாங்கி நிற்கச் செய்யும் தண்டனை ஒன்று கொரிய ராணுவத்திலிருந்து பள்ளிகளுக்கும் விளையாட்டு அணிகளுக்கும் பரவியது. வளரும் பிள்ளையின் கழுத்து எலும்புகள் மீது அது ஏற்றும் சுமையை எண்ணினாலே எனக்கு உடல் பதறுகிறது. இதைத் தொன்மையான குருகுல ஒழுக்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கொரியர்களே இன்று இதை எதிர்த்துப் போராடுகிறார்கள். அந்நாட்டு மனித உரிமை ஆணையம் 2019இல் பள்ளி விளையாட்டு வீரர்களிடம் நடத்திய ஆய்வில் பதில் அளித்த 57,557 பேரில் 8,440 பேர் உடல்ரீதியான வன்முறைக்கு ஆளானதாகக் கூறினார்கள். 2020 ஜூன் மாதம் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டியின் இளம் வீராங்கனை சோய் சுக் ஹியோன் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பயிற்சியாளரும் அணியின் மூத்த வீராங்கனையும் அவரைத் துன்புறுத்தியது நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டு இருவரும் சிறைத்தண்டனை பெற்றனர். இறப்பதற்கு முன் அவர் பல அமைப்புகளிடம் முறையிட்டிருந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் விளையாட்டு அறநெறி மையம் என்ற தனி அமைப்பு அங்கே செயல்படத் தொடங்கியது. விளையாட்டு வேறாக இருந்தாலும், மூத்தவரை எதிர்த்துப் பேசக்கூடாது என்ற அதே அச்சம்தான் என் மாணவனின் விரலையும் மறைக்க வைத்தது.

பிள்ளையைச் சேர்க்கும் முன் ஒரு வகுப்பை முழுவதும் உட்கார்ந்து பாருங்கள் என்று பெற்றோரிடம் சொல்கிறேன். பார்வையாளரை அனுமதிக்காத கூடத்தில், எத்தனை பதக்கங்கள் மாட்டியிருந்தாலும், சேர்க்க வேண்டாம். சண்டைப் பயிற்சியில் உயர்ந்த பெல்ட் மாணவர் தன் உதையின் வேகத்தை எதிரே நிற்கும் சிறியவருக்கு ஏற்பக் குறைக்கிறாரா என்று பாருங்கள். இது ஒன்றே அந்தக் கூடத்தின் தரத்தைப் பெருமளவு காட்டிவிடும். பயிற்றுநர் இல்லாத நேரத்தில் மூத்த மாணவர் இளையவரை ஓடவிடுவது, தண்டால் எடுக்கவைப்பது, தன் பையைத் தூக்கவைப்பது போன்றவை நடந்தால் தயங்காமல் கேளுங்கள். வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில் மட்டும் வயிற்றுவலி என்று சொல்லும் பிள்ளையைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளாமல், யாருடன் ஜோடி சேர்ந்து பயிற்சி செய்கிறாய் என்று கேட்டுப் பாருங்கள்.

அந்த நிகழ்வுக்குப் பிறகு என் வகுப்பில் இரண்டு மாற்றங்கள் செய்தேன். எந்த நிலையில் உள்ள மாணவரும், காரணம் சொல்லாமலே, கையை உயர்த்தி ஜோடியை மாற்றித் தரும்படி கேட்கலாம். ஜோடியில் ஒருவருக்கு அடிபட்டால் அதை வந்து சொல்ல வேண்டிய பொறுப்பு, அடிபட்டவரிடமிருந்து உயர்ந்த பெல்ட் அணிந்தவருக்கு மாற்றப்பட்டது. விரல் முறிந்த மாணவனுடன் ஆடிய அந்த மூத்த மாணவனுக்குத் தன் உதையால் எலும்பு முறிந்தது என்பதே தெரிந்திருக்கவில்லை. நான் சொன்னதும் அவன் கலங்கிப்போனான். அன்று மாலையே தன் தாயை அழைத்துக்கொண்டு அடிபட்டவனின் வீட்டுக்குப் போயிருக்கிறான். புதிய விதியை வகுப்பில் அறிவித்தபோது, பூம் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த இன்னொரு மாணவி கையை உயர்த்தி, "அடி எனக்குப் பட்டா யார் மாஸ்டர் வந்து சொல்லணும்?" என்று கேட்டாள். அவளே சொல்லலாம், அவளுக்கு முன்னே நிற்பவரும் சொல்ல வேண்டும், அவள் முதலாவதாக நிற்கும் நாளில் அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை என்று பதில் சொன்னேன்.