உடந்தையாளர்: ‘கொலாபரேட்டர்’ என்பதற்கு உரிய தமிழ்

“போர் முடிந்ததும், ஜெர்மானியரின் ஒத்துழைப்பாளர் என்று நார்வே மக்கள் அவரை வெறுத்து ஒதுக்கினர்.” இரண்டாம் உலகப்போர்க் கால நார்வே நடிகை சோன்யா விகெர்ட்டைப் பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்றை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தபோது இந்த வரி வந்தது. அருகில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா, “ஒத்துழைச்சா நல்லதுதானே, அதுக்கா வெறுத்தாங்க?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை, மொழிபெயர்ப்பில்தான் தவறு. இதே தவறை நான் பார்ப்பது நான்காவதோ ஐந்தாவதோ முறை.

அங்கே ‘ஒத்துழைப்பாளர்’ என்று பெயர்த்திருப்பது ‘கொலாபரேட்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை. லத்தீனில் இச்சொல்லின் வேர்ப்பொருள் ‘சேர்ந்து உழைத்தல்’ என்பதே. ஜெர்மனியிடம் தோற்ற பிரான்சின் அரசுத் தலைவர் பெத்தேன், 1940 அக்டோபரில் மோன்துவார் என்ற பிரெஞ்சு ஊரில் ஹிட்லரின் கையைக் குலுக்கினார்; சில நாள்களில் பிரெஞ்சு வானொலியில் தாம் ‘கொலபொராசியோன்’ (ஒத்துழைப்பு) பாதையில் இறங்குவதாக அறிவித்தார். ஆக்கிரமித்தவனுக்குத் துணைபோதல் என்ற இழிபொருள் அதன்பின் அச்சொல்லில் நிலைத்துவிட்டது.

தமிழில் ‘ஒத்துழைப்பு’ என்பதில் அந்தக் கறை ஒருபோதும் படியவில்லை. 1920இல் காந்தியடிகள் தொடங்கியதை ஒத்துழையாமை இயக்கம் என்றோம். அப்போதும் அரசோடு ஒத்துழைத்தவர்களை இடித்துரைக்க வேறு சொற்களைத்தான் தேடினோமே தவிர, ‘ஒத்துழைப்பாளர்’ என்பதை வசையாக்கவில்லை. அகராதியில் முதலில் இருக்கும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகும் மொழிபெயர்ப்பாளர், தாம் எழுதியதை ஒருமுறை காதால் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

இதை உணர்ந்தவர்கள் ‘துரோகி’ என்று எழுதுகிறார்கள். வடசொல் என்பதற்காக நான் அதை மறுக்கவில்லை. அது நம் பேச்சில் ஊறிய சொல். அது பிடிக்க வேண்டிய பொருளைப் பிடிக்கவில்லை என்பதே என் மறுப்பு. துரோகம் என்றால் ஒருவர் வைத்த நம்பிக்கையைக் கெடுத்தல். ஆகவே யாருக்குத் துரோகம் என்ற கேள்வி உடனே எழும். விகெர்ட்டோ ஸ்வீடன் உளவுத்துறைக்காக, நார்வேயை ஆண்ட நாஜி ஆணையர் டெர்போவனின் நட்பைப் பெற்று, அவருடைய விருந்துகளில் கலந்துகொண்டு, அங்கு அறிந்தவற்றை ஸ்டாக்ஹோமுக்குக் கொண்டு சேர்த்தவர். சொல்லின் நேர்ப்பொருளில் பார்த்தால் அவர் நம்பிக்கையைக் கெடுத்தது டெர்போவனுக்கு! அவரை வீரர் என்று போற்றும் கட்டுரையிலேயே இச்சொல் இப்படி இரண்டு பக்கமும் வெட்டுகிறது. நார்வே மொழியிலேயே அக்குற்றத்துக்கு ‘நாட்டை வஞ்சித்தல்’ என்ற பொருள்படும் சொல்தானே இருக்கிறது என்று சிலர் வாதிடலாம். உண்மைதான், ஆனால் அது போருக்குப்பின் நீதிமன்றங்கள் விசாரித்துத் தண்டித்த குற்றத்தின் பெயர். விகெர்ட் அப்படித் தண்டிக்கப்பட்டவர் அல்லர். விருந்து மேசையில் கண்டதை வைத்து ஊர் பேசிய பேச்சால் பழி சுமந்தவர். தீர்ப்புக்குரிய சொல்லை வதந்திக்குக் கொடுக்கலாமா? ‘கைக்கூலி’ என்றால் காசு கைமாறியிருக்க வேண்டும், ‘காட்டிக்கொடுத்தவர்’ என்றால் யாராவது பிடிபட்டிருக்க வேண்டும். ‘எட்டப்பன்’ நம் வரலாற்றோடு பிணைந்தது, நார்வேக்குப் பொருந்தாது.

எனக்குச் சரியாகப் படுவது ‘உடந்தை’. ‘உடன்’ என்பதன் வழி வந்த இச்சொல், சேர்ந்திருத்தல் என்ற மூலப்பொருளை விடாமலே குற்றத்தின் நிழலையும் சுமக்கிறது. கொலைக்கு உடந்தை, மணல் கொள்ளைக்கு உடந்தை என்று நாளிதழில் அன்றாடம் படிக்கிறோம். நல்ல காரியத்துக்கு உடந்தை என்று யாரும் சொல்வதில்லை. எதற்கு உடந்தை என்பதையும் அது கேட்டு வாங்கிக்கொள்ளும். ‘உடந்தையாளர்’ என்றால் ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். இருவர் சேர்ந்து நூல் எழுதினாலோ இசையமைத்தாலோ ஆங்கிலத்தில் அவர்களும் ‘கொலாபரேட்டர்’தான்; தமிழில் அவர்களைக் கூட்டுப்பணியாளர் என்போம். அங்கே ‘உடந்தையாளர்’ என்பதற்கு வேலையில்லை.

விகெர்ட் 1980இல் ஸ்பெயினில் காலமானார். அவர் செய்த உளவுப்பணி 2005இல்தான் ஸ்வீடனிலிருந்து அதிகாரபூர்வமாக வெளிவந்தது. அந்த வரியை என் பிரதியில் இப்படித் திருத்தி வைத்திருக்கிறேன்: “போர் முடிந்ததும், ஜெர்மானிய ஆக்கிரமிப்புக்கு உடந்தையாக இருந்தவர் என்று தவறாகக் கருதி நார்வே மக்கள் அவரை வெறுத்து ஒதுக்கினர்.” மறுபடி படித்துக் காட்டியபோது அம்மா சொல்லைப் பற்றிக் கேட்கவில்லை, “அந்தப் பொண்ணுக்கு அப்புறம் என்ன ஆச்சு?” என்றுதான் கேட்டார்.