ஏற்காட்டுத் தொட்டியில் டிரவுட் வளருமா?

நீலகிரியில் வளரும் டிரவுட் மீனைச் சேர்வராயன் மலையில் ஏன் வளர்க்கக் கூடாது, அதையும் கீரையோடு சேர்த்து, மீன் தொட்டியின் நீரிலேயே செடி வளர்க்கும் அக்வாபோனிக்ஸ் முறையில் வளர்த்தால் என்ன என்று ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வானவில் டிரவுட், வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளைப் பூர்வீகமாகக் கொண்ட, இரை பிடித்துத் தின்னும் குளிர்நீர் மீன். மீன்வள நிபுணர் எச்.சி. வில்சன் 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பின் அது நீலகிரி ஓடைகளில் நிலைபெற்றது. ஆனால் அவலாஞ்சி 2,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர்தான். அந்த 500 மீட்டருக்கு ஏறக்குறைய 3 டிகிரி வெப்பநிலை கூடுகிறது. 10 முதல் 16 டிகிரி வரை நன்றாகத் தின்று வளரும் டிரவுட், 20 டிகிரியைத் தாண்டினால் தீவனத்தை ஒதுக்கத் தொடங்கும். 25 டிகிரியை நெருங்கும்போது உயிர் பிழைப்பதே கடினம்.

அக்வாபோனிக்ஸின் அடிப்படை, பள்ளியில் படித்த நைட்ரஜன் சுழற்சிதான். மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஒருவகைப் பாக்டீரியா நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டைச் செடி எடுத்துக்கொள்ள, நீர் மீண்டும் மீனிடம் திரும்புகிறது. இதில் விளக்குவதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. டிரவுட்டைப் பொறுத்தவரை வெற்றி தோல்வியை முடிவு செய்வது ஆக்சிஜன்.

குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும், ஆகவே மலைநீரில் ஆக்சிஜன் அதிகம் என்று பலரும் சொல்கிறார்கள். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி கணக்குக்கு நிற்காது. கடல்மட்டத்தில், 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். ஏற்காட்டின் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், அதே 20 டிகிரி நீர் 7.6 மில்லிகிராமுக்குமேல் ஏற்காது. மலையடிவாரத்தில், சேலம் நகரில், 28 டிகிரியில் இருக்கும் நீரும் ஏறக்குறைய அதே 7.6 மில்லிகிராமைத்தான் கொள்ளும். குளிர்ச்சியால் மலை கொடுத்ததை உயரத்தால் மலையே திரும்ப எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் ஏற்காட்டில் மீனுக்குக் கிடைக்கும் நன்மை என்ன? மீனின் தேவை குறைவதுதான். அதன் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தையே பின்பற்றுவதால், 10 டிகிரி குறைந்தால் உடலின் ஆக்சிஜன் செலவு ஏறத்தாழ பாதியாகிறது.

சந்தையில் மீன் வாங்கும்போது செவுள் மூடியைத் தூக்கிச் சிவப்பைப் பார்க்கிறோம் அல்லவா, அந்தச் சிவப்புச் சீப்பைச் சற்று நேரம் உற்றுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் நான்கு செவுள் வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் இரு வரிசையாக இழைகள். ஒவ்வோர் இழையின் மேலும் கீழும் கண்ணுக்குத் தெரியாத நுண்தகடுகள். அந்தத் தகட்டில் இரத்தத்தையும் நீரையும் பிரிக்கும் சுவர், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிட மெல்லியது. நீர் வாய்வழியே நுழைந்து தகடுகளின் இடையே ஒரு திசையில் ஓடுகிறது. தகட்டுக்குள் இரத்தம் நேர் எதிர்த்திசையில் ஓடுகிறது. முழு அற்புதமும் இந்த எதிர்த்திசையில் இருக்கிறது. ஏற்காட்டு மலைப்பாதையில் நிறைகுடங்களோடு சிலர் மேலிருந்து இறங்க, வெறுங்குடங்களோடு சிலர் கீழிருந்து ஏறுகிறார்கள் என்று கொள்ளுங்கள்; எதிரெதிரே சந்திக்கும் ஒவ்வொரு முறையும் இரு குடங்களும் சமமாகும் வரை நீர் மாறுகிறது. ஏறுபவர் முதலில் சந்திப்பது ஏறக்குறைய காலியான குடத்தை; மேலே போகப் போக இன்னும் நிறைந்த குடங்களையே சந்திக்கிறார்; உச்சியை அடையும்போது அவர் குடம் ஏறக்குறைய நிறைந்திருக்கும். இருவரும் ஒரே திசையில் சேர்ந்து நடந்திருந்தால் பாதிக் குடத்தோடு பரிமாற்றம் நின்றிருக்கும். இந்த ஏற்பாட்டால் டிரவுட் நீரிலுள்ள ஆக்சிஜனில் கணிசமான பங்கை உறிஞ்சிவிடுகிறது. பம்பும் மோட்டாரும் வடிவமைக்கும் நம் பொறியாளர்கள் வெப்பப் பரிமாற்றிகளில் கையாளும் அதே உத்தி, பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே செவுளில் இருந்திருக்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் எத்தனை திறமையான செவுளும் நீரில் இல்லாத ஆக்சிஜனை எடுக்க முடியாது. அக்வாபோனிக்ஸ் தொட்டியில் அதற்குப் போட்டியும் உண்டு: மீன், பாக்டீரியா, செடியின் வேர் ஆகிய மூன்றும் ஒரே நீரிலிருந்து மூச்சு விடுகின்றன. இரைகொல்லி மீன் என்பதால் டிரவுட்டுக்கு 40 சதவீதத்துக்கு மேல் புரதமுள்ள தீவனம் வேண்டும். அப்படி ஒரு கிலோ தீவனத்திலிருந்து ஏறத்தாழ 38 கிராம் நைட்ரஜன் அம்மோனியா வடிவில் நீரில் சேரும். அது முழுவதும் நைட்ரேட்டாக மாற, பாக்டீரியாவுக்கு ஏறத்தாழ 175 கிராம் ஆக்சிஜன் தேவை; ஏற்காட்டில் 20 டிகிரியில் இருக்கும் 23,000 லிட்டர் நீரில் நிறைந்துள்ள ஆக்சிஜனுக்கு அது சமம். மீனின் சொந்தச் செலவு இதில் சேரவில்லை. மின்வெட்டில், நீருக்குள் காற்றைச் செலுத்தும் ஏரேட்டர் நின்றால், மீன்கள் நீர் விழும் குழாயடியில் கூடி, செவுள் மூடிகளை வேகமாக அடித்தபடி மேற்பரப்பில் வாய் பிளப்பதைப் பார்க்கலாம். அதன்பின் கையில் இருப்பது மிகக் குறைந்த நேரமே. இன்வெர்ட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

எனவே வாசகருக்கு என் பதில்: ஆண்டு முழுவதும் முடியாது, குளிர்காலத்தில் முயலலாம். சித்திரை, வைகாசியில் ஏற்காட்டின் பகல் வெப்பம் 30 டிகிரியை நெருங்குகிறது. அதைக் குளிரூட்டும் இயந்திரத்தால் சமாளிப்பது மீன் விலைக்குக் கட்டாது. ஐப்பசியில் ஓரளவு வளர்ந்த குஞ்சுகளை விட்டு, பங்குனிக்கு முன்பே பிடித்துவிட வேண்டும். கோடை மாதங்களில் அதே தொட்டியில் சாதாக் கெண்டையை வைத்திருந்தால் பாக்டீரியா பட்டினி கிடக்காது. குளிரில் பாக்டீரியாவின் வேகம் குறையும் என்பதால், டிரவுட் விடும் முன்பே, செடி வளரும் சல்லிப் படுக்கையில் அவை நன்கு பெருகியிருக்க வேண்டும். வெளிநாட்டு இரைகொல்லி மீன் என்பதால் தொட்டி நீர் ஓடையில் கலக்கவே கூடாது.

சேலம் சமவெளியில் இருப்பவர்கள் விராலை நினைக்கலாம். அதுவும் இரைகொல்லிதான், ஆனால் செவுளுக்கு மேலுள்ள காற்றறையால் நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும், வெப்பத்தையும் தாங்கும். ஒன்றையொன்று தின்னும் அதன் பழக்கத்தைக் கட்டுப்படுத்துவதற்கும், தொட்டிச் சூழலுக்கேற்ற குஞ்சு உற்பத்திக்கும் ஆராய்ச்சிப் பணம் ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சேர்வராயன் ஊற்றுகளின் வெப்பநிலையையும் ஆக்சிஜனையும் ஓராண்டு முழுக்க அளந்து வெளியிடுவதற்கு ஆகும் செலவு, ஒரு குளிரூட்டியின் விலையைவிடப் பெரிதாக இராது. பயன் மலை முழுவதற்கும் கிடைக்கும். வாசகர் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை: தொட்டி கட்டும் முன், தன் கிணற்று நீரின் வெப்பத்தை விடிகாலையிலும் பிற்பகல் மூன்று மணிக்கும் ஒரு கோடை முழுக்க எழுதி வைத்துக்கொள்ளட்டும்.