ஃபைபர் படகு: தடிமனை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

ஃபைபர் படகு வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது, "தடிமன் எவ்வளவு?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்வியே. ஆனால் படகுகளின் தரம் பார்க்கும் வேலையில், தடிமன் சரியாக இருந்தும் அடிப்பாகம் பாளம் பாளமாகப் பிரிந்த படகுகளைப் பார்த்திருக்கிறேன்.

இழுவிசையைத் தாங்குவது கண்ணாடி இழை. இழைகளைப் பிணைத்து, ஓர் அடுக்கின் சுமையை அடுத்த அடுக்குக்குக் கடத்துவது ரெசின் என்ற பிசின். பட்டறையில் நேரும் குறைகளில் பெரும்பாலானவை ரெசினிலும் அடுக்குகளின் ஒட்டுதலிலும்தான் நேர்கின்றன. அதனால் இழையின் திசையில் இழுத்துச் சோதித்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. அலை அறைந்து அடிப்பாகம் வளையும்போதுதான் குட்டு உடையும்.

காற்றுக் குமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். ரெசின் பூசிய அடுக்கின் மேல் ரோலரை அழுத்தி ஓட்டாவிட்டால் குமிழ்கள் உள்ளேயே தங்கிவிடும். குமிழ்களின் அளவு 1 சதவீதம் கூடினால், அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் தாங்கும் வலிமை ஏறத்தாழ 7 சதவீதம் குறையும் என்பது இத்துறையில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. விமான பாகங்களில் 1 அல்லது 2 சதவீதத்துக்கு மேல் ஏற்கமாட்டார்கள். கையால் செய்யும் படகில் அதைத் தாண்டுவது மிக எளிது.

ஈரம் பட்ட 'மேட்' எனப்படும் கண்ணாடி இழை விரிப்பில் ரெசின் சரியாகப் பிடிக்காது. ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட்டைக் கண்ணளவில் ஊற்றுவதும் ஆபத்து: பாலியெஸ்டர் ரெசினுக்குப் பொதுவாக 1 முதல் 2 சதவீதம் போதும், குறைந்தால் இறுகாது, கூடினால் சூடேறி விரிசல் விடும். எனக்கு அதிகம் கோபம் வருவது வேறொன்றில். பல நாள் இறுகிக் கிடந்த அடுக்கின் மேல், உப்புத்தாள் போடாமலே அடுத்த அடுக்கை ஒட்டுகிறார்கள். பார்வைக்கு ஒன்றாகத் தெரியும், பிடிப்பு இருக்காது. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையோரத்தில் அவசர அவசரமாகக் கட்டப்பட்ட படகுகளில் தரம் குறைந்தவை ஏராளம். அந்த வேலையை நம்பிக் கடலுக்குப் போனவை உயிர்கள்.

பெயின்ட் அடிப்பதற்கு முன்பே பட்டறைக்குப் போங்கள். நிறமி சேர்க்காத பகுதியின் பின்னால் விளக்கைப் பிடித்தால் குமிழ்களும் ரெசின் ஊறாத இடங்களும் வெளிறித் தெரியும். அடிப்பாகம் முழுவதும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஒலி மங்கும் இடத்தில் அடுக்கு பிரிந்திருக்கலாம், அதைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள். எஞ்சினுக்காகத் துளையிட்டு எடுத்த துண்டைக் கேட்டு வாங்குங்கள். ஆய்வகத்தில் அதன் ரெசினை எரித்துவிட்டு, மிஞ்சும் இழையை எடை போட்டுச் சொல்வார்கள். மேட் மட்டுமே போட்டது என்றால் எடையில் 30 சதவீதத்தையொட்டியாவது இழை இருக்க வேண்டும்.