உங்கள் எஸ்.ஆரை, அதாவது அரசு வேலையில் உங்கள் விவரமெல்லாம் எழுதி வைக்கிற பணிப்பதிவேட்டை, கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காட்பாடி காந்திநகரில் என் வீட்டு வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். கையில் மஞ்சள் பை. அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இரவுக் காவலர். 1998-ல் வேலைக்குச் சேர்ந்தவர். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்தது.

"பென்ஷன் பேப்பர் ரெடி பண்ணணும்னு ஸ்கூல்ல எஸ்.ஆர் எடுத்தாங்க சார். அதுல ஏதோ இல்லன்றாங்க. இன்னா இல்லன்னு எனக்குப் புரியல. உங்களப் போய் பாருன்னாங்க."

பைக்குள் பணிப்பதிவேட்டின் ஜெராக்ஸ் கட்டு இருந்தது. திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். சேர்ந்த தேதி இருந்தது, விடுப்புக் கணக்கு இருந்தது, ஊதியக் குழு வந்தபோதெல்லாம் சம்பளம் நிர்ணயித்த பதிவும் இருந்தது. வேலையை முறைப்படுத்துகிற பணிவரன்முறை ஆணை மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. அது இல்லாததால் தகுதிகாண் பருவம் (ப்ரொபேஷன்) முடித்த ஆணையும் இல்லை. அந்த இரண்டும் இல்லாததால் சம்பளம் உயர 10 வருஷத்தில் வர வேண்டிய தேர்வு நிலை வரவில்லை, 20 வருஷத்தில் வர வேண்டிய சிறப்பு நிலையும் வரவில்லை.

காரணத்தைக் கேட்டால் வயிறு எரியும். அவருடைய எட்டாம் வகுப்புச் சான்றிதழின் உண்மைத் தன்மையைக் கேட்டு 1999-ல் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் போயிருக்கிறது. பதில் வரவில்லை. கடிதம் எழுதிய கிளார்க் மாறுதலில் போய்விட்டார். அதற்குப் பிறகு யாரும் ஒரு நினைவூட்டுக் கடிதம்கூடப் போடவில்லை. ஹெச்.எம்.கள் வந்தார்கள், போனார்கள். இவர் தினமும் சாயங்காலம் வந்து கேட்டைப் பூட்டி, காலையில் திறந்துவிட்டுக்கொண்டே இருந்தார்.

பள்ளிக் கல்வித் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். சர்வீஸில் பாதிக்கு மேல் எஸ்.ஆர் எழுதுவதிலேயே போனது. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். பள்ளி என்றால் ஆசிரியரும் மாணவரும்தான் எல்லோர் நினைவுக்கும் வருகிறார்கள். அதே கட்டடத்தில் இளநிலை உதவியாளர், ஆய்வக உதவியாளர், பதிவறை எழுத்தர், அலுவலக உதவியாளர், இரவுக் காவலர், தூய்மைப் பணியாளர், சத்துணவு அமைப்பாளர், சமையலர் என்று ஒரு கூட்டமே வேலை செய்கிறது. டி.சி. எழுதுவது, மாணவர் விவரத்தை எமிஸ் இணையதளத்தில் ஏற்றுவது, களஞ்சியம் மென்பொருளில் சம்பள பில் போடுவது, இலவச சைக்கிளை எண்ணி இறக்குவது எல்லாம் இவர்கள்தான். ஊர் பிள்ளைகளின் பிறந்த தேதியை எல்லாம் சரிபார்க்கிற இவர்களில் பலர் தங்கள் எஸ்.ஆரைத் திறந்து பார்த்ததே இல்லை. 'நம்மது ஆபீஸ்ல பத்திரமா இருக்கும்' என்ற நம்பிக்கைதான். பீரோவில் பத்திரமாகத்தான் இருக்கும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதாமல் விட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி.

வருஷத்துக்கு ஒருமுறை எஸ்.ஆரைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது உங்கள் உரிமை. யாரும் தருகிற சலுகை இல்லை. சம்பளம் போடுகிற அலுவலரிடம் ஒரு கடிதம் கொடுத்துக் கேளுங்கள். முதல் பக்கத்தில் பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கிற மாதிரியே இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அலுவலர் மறுபடி சான்றொப்பம் செய்திருக்க வேண்டும். பிறந்த தேதியில் தப்பு இருந்தால், வேலையில் சேர்ந்து ஐந்து வருஷத்துக்குள் திருத்தக் கேட்க வேண்டும். அதன் பிறகு கேட்டு அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், பலன் கிடைத்தவரைப் பார்த்ததில்லை.

அடுத்து சான்றிதழ்களின் உண்மைத் தன்மை. எட்டாவது, பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி, டைப்ரைட்டிங் என்று எதைக் கொடுத்துச் சேர்ந்தீர்களோ அதற்கெல்லாம் பதில் கடிதம் வந்து, அது எஸ்.ஆரில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அனுப்பிய கடிதத்தின் எண்ணும் தேதியும் வாங்கி, நீங்களே நேரில் போய் விசாரியுங்கள். பிறகு பணிவரன்முறை, தகுதிகாண் பருவம். தொடர்ச்சியான மூன்று வருஷத்துக்குள் இரண்டு வருஷப் பணி என்பது கணக்கு. இளநிலை உதவியாளர்களுக்கு பவானிசாகர் அரசுப் பயிற்சி நிலையத்தில் எடுக்க வேண்டிய அடிப்படைப் பயிற்சியும் இதில் சேரும். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பவானிசாகரைத் தள்ளிப்போடுகிறவர்களின் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அது தள்ளிப்போனால் பின்னால் வருகிற எல்லாமே தள்ளிப்போகும்.

எங்கள் மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1989-ல் வட ஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை தனியாகப் போனது. 2019 நவம்பரில் வேலூர் மறுபடி பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. அரக்கோணத்தில் சேர்ந்து, ஆம்பூருக்கு மாறி, இப்போது அணைக்கட்டில் இருக்கிற ஒருவரின் காகிதங்கள் மூன்று மாவட்டத்து சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸில் சிதறிக் கிடக்கலாம். மாறுதலில் போகும்போதெல்லாம் ரிலீவிங் ஆர்டரோடு கிளம்பிவிடாதீர்கள். எஸ்.ஆரும் கடைசி ஊதியச் சான்றும் புது இடத்துக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

துறைத் தேர்வைப் பற்றி இளநிலை உதவியாளர்களிடம் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. உதவியாளர் ஆவதற்கு அக்கவுண்ட் டெஸ்டும் ஆபீஸ் மேனுவல் தேர்வும் வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. வருஷத்துக்கு இரண்டு முறை, மே மாதமும் டிசம்பரும் நடத்துகிறது. நம் துறையில் பதவி உயர்வுக்கான பட்டியல் மார்ச் 15 நிலவரப்படி தயாராகும். மே தேர்வையும் விட்டு, டிசம்பரையும் விட்டால் அந்த மார்ச் பட்டியலில் உங்கள் பெயர் இருக்காது. உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர் முன்னால் போய்விடுவார். அந்த வரிசை ஓய்வு பெறும் வரை கூடவே வரும்.

அக்கவுண்ட் டெஸ்ட் என்றதும் பயப்படுகிறார்கள். அது புத்தகம் வைத்து எழுதுகிற தேர்வு. மனப்பாடம் வேண்டியதில்லை, எந்த விதி எந்தப் புத்தகத்தில் எங்கே இருக்கிறது என்று விரல் தானாகப் போக வேண்டும். அதனால்தான் தேர்வுக்கு முதல் வாரம் புதுப் புத்தகம் வாங்குகிறவர்கள் தோற்கிறார்கள். ஆறு மாதம் முன்பே வாங்கி, பள்ளியில் வருகிற பில்லையும் லீவ் கடிதத்தையும் அந்தப் புத்தகத்தை வைத்தே போட்டுப் பாருங்கள். அடிப்படை விதிகள் கையில் பழகிவிடும். குரூப் 4 எழுதி வந்தவர்கள்தானே நீங்கள். லட்சக்கணக்கான பேரோடு போட்டி போட்டு ஜெயித்தவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை.

குரூப் 4-ல் தேர்வாகி சென்னைப் பள்ளிகளில் முதல் போஸ்டிங் வாங்கிய பிள்ளைகள் விடியற்காலையில் காட்பாடி ஸ்டேஷனில் ஏலகிரி எக்ஸ்பிரஸுக்கு நிற்பதைப் பார்க்கிறேன். தினமும் போக 130 கிலோமீட்டர், வர 130 கிலோமீட்டர். எப்படியாவது வேலூருக்கு மாறுதல் வாங்கிவிட வேண்டும் என்ற தவிப்பு நியாயம்தான். சொந்த விருப்பத்தில் கேட்கிற மாறுதல் உங்கள் சீனியாரிட்டியைத் தொடுமா என்று மட்டும் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே கேட்டுத் தெளிவாகிவிடுங்கள்.

அலுவலக உதவியாளர்கள், 'நாம் கடைசி வரைக்கும் பியூன்தான்' என்று சொல்லும்போது எனக்கு ஒருவர் முகம் ஞாபகம் வரும். எட்டாம் வகுப்புப் படித்துவிட்டு வேலைக்கு வந்தவர். 41 வயதில் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத முடிவு செய்தார். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பதிவு செய்து, வேறொரு பள்ளியின் லேபில் தன் மகன் வயதுப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்று சோதனைக் குழாயைப் பிடித்தார். முதல் முறை கணக்கில் போய்விட்டது. அவர் பள்ளிக் கணக்கு வாத்தியார் மதிய சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் ரூமிலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். இரண்டாவது முறை பாஸ். பத்தாவது கையில் வந்ததும் பதிவறை எழுத்தர் ஆனார். பிறகு இளநிலை உதவியாளர். அலுவலக உதவியாளர் சம்பளம் 15,700 ரூபாயில் தொடங்குகிற நிலை, இளநிலை உதவியாளர் 19,500-ல் தொடங்குகிற நிலை. பென்ஷன் வரைக்கும் அந்த வித்தியாசம் தொடரும். தேர்வு முடிவு வந்த அன்று அவர் மனைவி கொசப்பேட்டையிலிருந்து ஒரு தூக்கு நிறையக் கேசரி கொடுத்தனுப்பினார். ஆபீஸ் முழுக்கச் சாப்பிட்டோம்.

பி.எட். முடித்த அமைச்சுப் பணியாளர்களுக்கு, அதாவது ஆபீஸ் வேலை பார்க்கிறவர்களுக்கு, ஆசிரியர் பணியிடத்தில் 2 விழுக்காடு ஒதுக்கீடு இருப்பதும் பலருக்குத் தெரியாது. டிகிரி வைத்திருக்கிற இளைஞர்கள் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சொல்லப் போவது மனசுக்குக் கஷ்டமான விஷயம். பணியில் இருக்கும்போது ஊழியர் இறந்துபோனால், கருணை அடிப்படையில் வேலை கேட்டு இறந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கொரோனாவில் 2021-ல் ஆய்வக உதவியாளர் ஒருவர் இறந்தார். 2015-ல் 4,362 இடங்களுக்கு நடந்த அந்தப் பெரிய தேர்வில் வென்று வேலைக்கு வந்தவர். மகள் காலேஜ் முடிக்கட்டும், அவளுக்கே வேலை வாங்கலாம் என்று மனைவி காத்திருந்தார். மகள் டிகிரி வாங்கிக்கொண்டு வந்தபோது மூன்று வருஷம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் எந்த வழியில் யோசித்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தம்மா பத்தாவது பாஸ். அவரே விண்ணப்பித்திருக்கலாம். தயவுசெய்து உங்கள் வீட்டில் இந்த மூன்று வருஷக் கணக்கைச் சொல்லி வையுங்கள். வாரிசுச் சான்று, வருமானச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாம் சேர்க்கவே மாதக்கணக்கில் ஆகும். காரியம் முடிந்த கையோடு இதைப் பேசுவது கல்மனசாகத் தெரியும். பேசாமல் விட்டால் குடும்பம் நடுத்தெருவுக்கு வரும். உடன் வேலை பார்த்தவர்கள்தான் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் எஸ்.ஆர் இருக்கிறவர்களுக்கு. இப்போது பள்ளிகளில் எஸ்.ஆரே இல்லாதவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஏஜென்சி மூலம் வருகிற தூய்மைப் பணியாளர், செக்யூரிட்டி, தொகுப்பூதியத்தில் கணினி வேலை செய்கிறவர்கள். நிரந்தரப் பணியிடம் காலியானால் அதை அவுட்சோர்சிங்கில் நிரப்புவது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. கழிவறை கழுவும் வேலை பள்ளி இருக்கும் வரை இருக்கும். அதைச் செய்கிறவருக்கு மட்டும் நிரந்தரம் இல்லை என்பது எந்த நியாயம்?

சரி, அது மாறும் வரை கையில் இருப்பதைக் காப்பாற்ற வேண்டும். சத்துவாச்சாரிப் பக்கம் ஒரு பள்ளியில் தூய்மை வேலை பார்க்கிற அக்கா ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். ஆசிட் பட்டு விரல் நுனியெல்லாம் உரிந்திருந்தது. "பி.எஃப். பிடிக்கிறாங்கண்ணா, எவ்ளோ சேந்திருக்குன்னு கேட்டா சூப்பர்வைசர் திட்றாரு" என்றார். அவரிடம் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண் இருந்தது, பழைய சம்பளச் சீட்டின் மூலையில். மத்திய அரசின் உமங் செயலியில் என் மகள் பாஸ்புக்கைத் திறந்து காட்டினாள். சம்பளத்தில் 12 விழுக்காடு பிடித்திருக்கிறார்கள். ஆனால் ஏழு மாதம் கணக்கில் ஏறவே இல்லை. ஏஜென்சி அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டிய பணம். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இந்த ஏழு மாசமும் நான் ஒரு நாள்கூட லீவு போடலண்ணா" என்றார்.

யு.ஏ.என்.-ல் பதிவு செய்த செல்போனிலிருந்து 99660 44425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தாலே கடைசியாகக் கட்டிய தொகை மெசேஜில் வரும். மாதாமாதம் பாருங்கள். தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குப் பிடித்தால் அதன் கார்டையும் கேட்டு வாங்குங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது உண்டு, உங்கள் பங்கு 0.75 விழுக்காடுதான், குடும்பத்துக்கே வைத்தியம். ஏஜென்சி பி.எஃப். கட்டவில்லை என்றால், வேலை வாங்குகிற முதன்மை நிறுவனத்துக்கும் அந்தப் பொறுப்பு இருக்கிறது. இதை ஹெச்.எம்.கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பில் பாஸ் செய்வதற்கு முன் பி.எஃப். செலுத்திய சலானைக் கேளுங்கள், மேடம். ஒரு நிமிஷ வேலை.

முதலில் சொன்ன இரவுக் காவலரின் பிரச்சினை தீர்ந்துவிட்டது. அவர் படித்த பள்ளி மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. அதன் அட்மிஷன் ரிஜிஸ்டரைத் தேடி மூன்று ஆபீஸ் ஏறினோம். நான்காவது ஆபீஸில், கரையான் ஓரத்தை அரித்த ஒரு பெரிய நோட்டில் அவர் பெயர் இருந்தது. பணிவரன்முறை ஆணை ஓய்வுக்கு ஐம்பது நாள் இருக்கும்போது வந்தது. தேர்வு நிலைக்கும் சிறப்பு நிலைக்கும் சேர்த்து அரியர் பில் போட்டார்கள்.

அக்காவுக்கு இன்னும் முடியவில்லை. பி.எஃப். அலுவலகம் ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி குறைகேட்பு முகாம் நடத்துகிறது. போன மாதம் மனு கொடுத்தோம். ஏழு மாதத்தில் நான்கு மாதத்துப் பணம் ஏறியிருக்கிறது. மீதி மூன்று மாதத்துக்காக வருகிற 27-ஆம் தேதி மறுபடி போகிறோம். இந்த முறை அவரோடு வேலை செய்கிற இன்னும் ஐந்து பேர் வருகிறார்கள், சம்பளச் சீட்டோடு.