சுவர் குடிக்கும் தண்ணீர்

மழை விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. அப்படியும் சுவர் நசநசவென்றிருந்தது. புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில், திண்ணையும் முற்றமுமாக ஒரு பழைய வீடு. அதன் முன்பகுதியை வாடகைக்குப் பிடித்துச் சின்னதாக ஒரு காபிக் கடை போட நண்பர் ஒருவர் இறங்கியிருந்தார். "கீழ மூணடிக்கு சிமெண்ட் பூசி வச்சிருக்காங்க, பயமில்ல" என்றார். கொத்தனார் பதில் சொல்லவில்லை. விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே நகர்ந்தார். மேலே பழைய காரையில் கனத்த சத்தம். கீழே சிமெண்ட் பூச்சில் காலிப் பானையைத் தட்டினாற்போல 'டொக் டொக்'. சிமெண்ட் முடிந்த இடத்துக்கு மேலே, தோள் உயரத்தில், வெள்ளை செதில் செதிலாக உரிந்து, செங்கல் மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது.

சிமெண்ட் பூசிய இடம் பார்க்க நன்றாக இருக்கிறது, பூசாத இடம்தான் கெட்டிருக்கிறது. அப்படியானால் மேலேயும் பூசிவிட்டால் சரியாகிவிடுமே என்று யாருக்கும் தோன்றும். அங்கேதான் தப்பு.

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலத்தான் செங்கல்லில் தண்ணீர் ஏறுகிறது. செங்கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. துளை எவ்வளவு குறுகலோ தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறும். ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஆரமுள்ள குழாயில், கணக்குப்படி ஏறக்குறைய 15 மீட்டர் ஏற வேண்டும். நிஜத்தில் எந்தச் சுவரும் அப்படி மாடி வரை நனைவதில்லை. காரணம், ஏறுகிற வழியெல்லாம் தண்ணீர் சுவரின் முகத்தில் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கிறது. அடியில் ஏறும் அளவும் முகத்தில் ஆவியாகும் அளவும் எங்கே சமமாகின்றனவோ, அங்கே ஈரக்கோடு நின்றுவிடும்.

பழைய வீடுகளில் அஸ்திவாரத்துக்கு மேல் ஓதத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. கட்டியவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. சுண்ணாம்புக் காரை வழியாக ஈரம் தாராளமாக வெளியேறியது, கோடு முழங்கால் அளவிலேயே நின்றது. கீழே மூன்றடிக்கு சிமெண்ட் பூசியதும் அந்த வாசல் அடைபட்டது. தண்ணீர் நிற்கவில்லை, வெளியேற வழி தேடி இன்னும் மேலே ஏறியது. தோள் உயரத்தில் உரிந்த வெள்ளைக்குக் காரணம் இதுதான்.

ஆனால் செங்கல்லை மாவாக்குவது தண்ணீர் அல்ல, அதனோடு வரும் உப்பு. கடலோர ஊரில் மண்ணிலும் காற்றிலும் உப்புக்குப் பஞ்சமில்லை. சிமெண்டிலிருந்தும் கொஞ்சம் உப்பு சுவருக்குள் இறங்கும். தண்ணீர் ஆவியாகும் இடத்தில் உப்பு தங்கிப் படிகமாகிறது. துளைக்குள் வளரும் படிகம் துளையின் சுவரை உள்ளிருந்து நெட்டித் தள்ளும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். குறைந்தால் மறுபடி படிகமாகும். புதுச்சேரியில் இரவில் அந்த அளவு சாதாரணமாகத் தாண்டும், வெயில் ஏறினால் குறையும். ஆக, மழையே இல்லாவிட்டாலும் உப்பேறிய சுவர் ராத்திரி நனைந்து பகலில் காய்கிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் செங்கல் உதிர்கிறது. நண்பரின் சுவர் பிப்ரவரியில் நசநசத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் வேலை, சிமெண்ட் பூச்சை முழுக்கக் கொத்தி எடுப்பது. மெதுவாகச் செய்ய வேண்டும். செங்கல்லை விட சிமெண்ட் கெட்டி, பெயரும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். வெறும் செங்கல்லை அப்படியே காயவிட்டு, வெளியே பூக்கும் உப்பை ஈரமில்லாத பிரஷ்ஷால் தட்டி எடுக்கிறார்கள். உப்பு அதிகமென்றால் காகிதக்கூழையும் களிமண்ணையும் நல்ல தண்ணீரில் குழைத்துச் சுவரில் அப்புவார்கள். அந்தப் பற்று காயக் காயச் சுவருக்குள் இருக்கும் உப்புநீர் அதற்குள் வந்து சேரும். பிறகு உரித்து எறியலாம். கட்டிக்குப் பற்றுப் போடும் அதே வைத்தியம்தான்.

அப்புறம் சுண்ணாம்பு. கிளிஞ்சலோ சுண்ணாம்புக்கல்லோ, இரண்டும் கால்சியம் கார்பனேட். காளவாயில் ஏறக்குறைய 900 டிகிரியில் சுட்டால் 100 கிலோவில் 44 கிலோ கார்பன் டை ஆக்ஸைடாகப் பறந்துவிடும், மீதி 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். மணலோடு அரைத்துச் சுவரில் பூசினால், அது காற்றிலிருந்து பழைய கார்பன் டை ஆக்ஸைடை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. மெல்ல என்றால், மாதத்துக்கு மில்லிமீட்டர் கணக்கில்தான். அதனால்தான் மெல்லிய பூச்சாக, ஒன்று இறுகிய பின் அடுத்ததாகப் பூச வேண்டும். சுத்தமாகக் காய்ந்துவிட்டால் இந்த வேதிவினை நின்றுபோகும், ஆகவே ஈரச் சாக்குப் போட்டு நனைத்து வைப்பார்கள். அவசரக்காரர்களுக்கு ஒத்துவராத பொருள்.

கலவையில் செங்கல் பொடியான சுர்க்கி சேர்ப்பதற்கும் அர்த்தமுண்டு. அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு நேரடியாக வினைபுரிவதால், காற்றுப் படாத உள்பக்கமும் இறுகும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரை ஊற்றுவதைப் பாட்டி வைத்தியம் என்று சிரிக்கிறவர்கள் உண்டு. வெல்லத்திலுள்ள சர்க்கரை, சுண்ணாம்பைத் தண்ணீரில் கூடுதலாகக் கரைய வைக்கும். இப்படி இறுகிய காரையில் மயிரிழை விரிசல் விட்டாலும், மழைநீர் மிச்சச் சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுவந்து விரிசலில் படியவைத்து அடைத்துவிடும். சிமெண்ட் பூச்சு கெட்டிதான். ஆனால் சூட்டில் அசைகிற பழைய சுவரோடு சேர்ந்து அசையத் தெரியாது.

கூரைக் கதை வேறு. மெட்ராஸ் டெரஸ் என்னும் மட்டப்பாவில் தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துக்கல்லாக மூலைவாட்டில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டிக் கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்கி, தட்டோடு பதிப்பார்கள். கெடுவது பெரும்பாலும் உத்தரத்தின் நடுப்பகுதி அல்ல, சுவருக்குள் புதைந்த முனை. நனைந்த சுவர் மரத்தை அங்கேதான் ஊறவைக்கும், கரையானும் அந்த வழியாகத்தான் வரும். கொத்தனார் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் முனைகளைக் குத்திப் பார்த்தார். பதினொன்றில் இரண்டில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. அந்த முனையை மட்டும் அறுத்து, புது மரம் இணைத்து, சுற்றிலும் காற்று போக இடம் விட்டு உட்கார்த்தினார்கள். இதை அலட்சியம் செய்ய முடியாது. 2014 நவம்பரில், அடைமழையில், கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர் காலத்து நகர மண்டபமான 19ஆம் நூற்றாண்டு மேரி கட்டடம் இடிந்து விழுந்ததை ஊரே பார்த்தது. பழைய உருவில் அதைத் திரும்பக் கட்டித் திறக்க 2021 ஆயிற்று.

மாடியில் நாற்காலி போடும் ஆசை நண்பருக்கு இருந்தது. வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ போல, கடைத் தளத்துக்கு 400 கிலோ போல எடை தாங்க வேண்டும் என்பது இந்தியத் தரக் குறியீட்டின் கணக்கு. வீடாகப் பிறந்த தளத்தில் கடை ஏற்றுவது இரட்டைச் சுமை. ஆசையைக் கைவிட்டார். ஏசி ஆசையையும்தான். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 26 டிகிரிக்குக் குளிர்ந்த சுவரைத் தொட்டாலே நீர் கோக்கும். கஷ்டப்பட்டுக் காயவைத்த சுவரை நாமே நனைத்த கதையாகிவிடும். முற்றத்தின் மேலிருந்த பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றினார்கள். சூடான காற்று அந்த வழியே மேலேற, தெருவாசலிலிருந்து காற்று உள்ளே வர ஆரம்பித்தது.

இதெல்லாம் ஏதோ ஒரு வீட்டின் பித்து என்று நினைக்க வேண்டாம். அதே பகுதியின் வைசியாள் வீதியில் வரிசையாக வீட்டு முகப்புகளைச் சீரமைத்ததற்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்திருக்கிறது.

சிமெண்டைக் கொத்திய அன்று கொத்தனார் ஈரம் நின்ற இடத்தில் கரித்துண்டால் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் 'மாசி' என்று எழுதியிருந்தார். ஆனி மாதம் போய்ப் பார்த்தபோது, ஈரம் இடுப்பு உயரத்துக்கு இறங்கியிருந்தது. அங்கே இன்னொரு கோடு. நண்பர் பூச்சு வேலை எப்போது என்று கேட்டார். "இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு, கொத்தனார் சுண்ணாம்புத் தொட்டியைக் கிளறப் போய்விட்டார்.