பழைய பாடசாலை மலரில் அம்மப்பாவைத் தேடுவோருக்கு

மட்டக்களப்பில் பழைய ஆவணங்களைப் பராமரிக்கும் நூலகரிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தைத்தான் கேட்பார்கள். "அம்மப்பா சென்ட்ரல் கொலிஜில் படிச்சவராம். அந்தக் காலத்துப் பாடசாலை மலர்ப் புத்தகம் இருந்தா முகத்தையாவது பாக்கலாமா?" படம் கிடைத்தால் கைபேசியில் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அச்சுக்கட்டையில் எடுத்த அந்தக் காலத்துக் குழுப்படங்களில் முகம் பாதி மையாகத்தான் இருக்கும். அதற்குக் கீழே உள்ள பெயர்வரிசையை வாசிப்பவர்கள் குறைவு.

நம்மிடம் குடும்பப்பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான் தலைமுறையைத் தொடுக்கும் கண்ணி. 'க. இளையதம்பி' என்று மலரில் கண்டால், கந்தையாவோ கணபதிப்பிள்ளையோ, ஒரு பூட்டன் அங்கே நிற்கிறார். அம்மம்மாவைத் தேடுகிறவர்கள் இதில்தான் இடறுகிறார்கள். கலியாணத்துக்குப் பின் அவரின் முதலெழுத்து கணவனுடையதாகியிருக்கும். வின்சன்ட் மகளிர் பாடசாலை மலரிலோ புனித சிசிலியா மலரிலோ அவர் தகப்பனின் எழுத்தோடுதான் இருப்பார். ஆங்கிலம் பயிற்றுமொழியாக இருந்த காலத்து மலர் என்றால் கந்தையா 'கே'யிலும் இருப்பார், 'சி'யிலும் இருப்பார். இரண்டையும் பாருங்கள். முஸ்லிம் குடும்பங்களில் ஏ.எல்., எம்.ஐ. என்று இரண்டு மூன்று எழுத்துகள் ஊர் முழுக்க ஒன்றாகவே இருக்கும். அங்கே எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம், வகுப்பையும் ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

நமது பகுதிக்கென்று இன்னொரு சங்கதி உண்டு. இங்கே வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும், ஆண் கலியாணம் முடித்து மனைவியின் ஊருக்குப் போவான். ஆகவே குடும்பம் 'அம்மப்பாவின் ஊர்' என்று சொல்லும் ஊர் பெரும்பாலும் அம்மம்மாவின் ஊர். ஆரையம்பதிக்காரர் என்று பேரப்பிள்ளைகள் நம்பியிருந்த ஒருவர், விடுதி மாணவர் பட்டியலில் மண்டூர்க்காரராக இருக்கலாம். பாடசாலைப் பதிவு கலியாணத்துக்கு முந்தியது, அவர் தாய்வீட்டில் இருந்த காலத்தைச் சேர்ந்தது. குடி என்னும் வம்சப் பிரிவும் தாய்வழிதான். தமிழரிடம் மட்டுமல்ல, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம்களிடமும் குடி அப்படித்தான் வருகிறது. முதலெழுத்து தகப்பனைக் காட்டும், குடியைக் காட்டாது. குடி தெரியவேண்டுமானால் மலரில் கிடைத்த அந்த ஊருக்குப் போய்க் கோயிலடியிலோ பள்ளிவாசலடியிலோ வயதானவர்களிடம் தாயின் பெயரைச் சொல்லி விசாரிக்கவேண்டும்.

ஒரு பாடசாலையோடு தேடலை நிறுத்தவும் வேண்டாம். 1892இல் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் கல்முனையிலும், பிறகு மட்டக்களப்பில் மெதடிஸ்த மத்திய கல்லூரியிலும், புனித மிக்கேலிலும் படித்தவர். அங்கெல்லாம் அவர் மயில்வாகனம். துறவுப் பெயரைத் தேடினால் ஒரு மாணவனும் அகப்படமாட்டான். நம் வீட்டிலும் 'சின்னத்தம்பி மாமா' என்றே அறியப்பட்டவருக்குப் பாடசாலை இடாப்பில், அதாவது பதிவேட்டில், வேறு பெயர் இருக்கும்.

எனக்குப் பிடித்தது மலரின் கடைசிப் பக்கங்கள்தான், விளம்பரங்கள். பிரதான வீதிப் புடவைக்கடை, அரிசி ஆலை, படப்பிடிப்பு நிலையம், மூன்று இலக்கத் தொலைபேசி எண். பூட்டன் கடை வைத்திருந்தார் என்ற வீட்டுக்கதைக்கு முகவரி அங்கே கிடைக்கும். பரிசளிப்பு அறிக்கையும் அனுதாபக் குறிப்பும் பழைய மாணவர் செய்திகளும் அப்படியே: நியமனம், இடமாற்றம், திருமணம்.

ஆனால் மலர் சான்று அல்ல, தடயம். 'இடமிருந்து வலம்' என்று போட்டாலும் ஒருவர் வராமல் போயிருந்தால் அதற்குப் பின் எல்லாப் பெயரும் ஒரு இடம் தள்ளிப்போகும். பெயரை ஆட்களோடு எண்ணிப்பாருங்கள். உறுதிப்படுத்தப் பாடசாலையின் சேர்விடாப்பைப் பாருங்கள். பிறந்த திகதி, பாதுகாவலர் பெயர், முன்பு படித்த பாடசாலை எல்லாம் அதில் உண்டு. அதிபரின் அனுமதி வேண்டும், காரணத்தை எழுத்தில் கொடுத்தால் வேலை இலகு. அதிலும் பிறந்த திகதியை அப்படியே நம்பவேண்டாம். பிள்ளையைச் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டிக் குறைத்த பெற்றோர் குறைவல்ல. 1960, 61இல், திருச்சபைகளும் மிஷன்களும் அரச உதவியோடு நடத்திய பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. அதற்கு முந்திய கடதாசிகளைத் திருச்சபையிடமும் மிஷனிடமும் கேட்டுப்பாருங்கள். நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்திலும் பல மலர்களை இலவசமாக வாசிக்கலாம்.

1978 நவம்பர் 23 சூறாவளியும் 2004 டிசம்பர் 26 கடலும் இந்தக் கரையில் எத்தனையோ அலுமாரிகளைக் கொண்டுபோய்விட்டன. பாடசாலையிலேயே இல்லாத பிரதி உங்கள் வீட்டுப் பரணில் இருக்கலாம். நனைந்திருந்தால் வெயிலில் போடாதீர்கள். தாள்களுக்கிடையே மையொற்றுத் தாள் வைத்து, நிழலில், மின்விசிறிக் காற்றில் உலர விடுங்கள். கிழிந்த பக்கத்துக்குச் செலோடேப் ஒட்டவேண்டாம், லமினேட் செய்யவே வேண்டாம். படம் எடுக்கும்போது அட்டை, ஆண்டு, விளம்பரப் பக்கம் எல்லாம் சேர எடுங்கள்.

முகநூலில் போடுமுன் ஒன்றைப் பாருங்கள். எண்பதுகளின் வகுப்புப் படம் என்றால், அதில் நிற்கும் சிலர் யுத்தகாலத்தில் காணாமல் போனவர்களாக இருப்பார்கள். அவர்களின் தாய்மாரில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். பெயர்களோடு பொதுவில் ஏற்றுவதற்கு முன் அந்த வீட்டாரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் பக்கத்தை உங்கள் குடும்பத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.