தொடர்பாடல் ஆற்றல்

வேலை விளம்பரத்தில் 'நல்ல கம்யூனிகேஷன் ஸ்கில்' கேட்டால், தடங்கலில்லாமல் இங்கிலீஷ் பேச வேண்டும் என்றே நம்மூரில் எடுத்துக்கொள்கிறோம். மொழி கற்பித்தலில் புழங்கும் 'கம்யூனிகேட்டிவ் காம்பிடென்ஸ்' வேறு. யாரிடம், எங்கே, எதை, எப்படிப் பேசுவது என்று அறிந்து பேசும் ஆற்றல் அது.

'காம்பிடென்ஸ்' லத்தீன் வழிச் சொல். அதன் வேர்வினைக்குச் சேர்ந்து நாடுதல், பொருந்துதல் என்று பொருள். போட்டியைக் குறிக்கும் 'காம்பிடிஷன்' அதன் பங்காளி. 1965இல் அமெரிக்க மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி இதை மொழியியலின் மையச் சொல்லாக்கினார். மனத்திலுள்ள மொழியறிவு காம்பிடென்ஸ்; திக்கலும் திணறலுமாக வெளிவரும் பேச்சு பெர்ஃபார்மன்ஸ். அவர் எடுத்துக்கொண்ட பேச்சாளரோ பிழையே விடாதவர், எல்லாரும் ஒரே மாதிரி பேசும் சமூகத்தில் வாழ்பவர். அப்படி ஒரு ஊர் எங்கே இருக்கிறது?

மானிடவியலும் மொழியியலும் அறிந்த டெல் ஹைம்ஸ் இதை ஏற்கவில்லை. 1966இல் உரையாகப் பேசி, 1972இல் விரிவாக அச்சிட்ட கட்டுரையில், பயன்பாட்டு விதிகள் தெரியாதவருக்கு இலக்கண விதிகளால் பயனில்லை என்றார். தமிழ் படித்த வெளிநாட்டவர் ஒருவர் விருந்து முடிந்து கிளம்பும்போது "நான் போகிறேன்" என்கிறார் என்று வையுங்கள். திணை, பால், காலம், எதிலும் குற்றமில்லை. ஆனாலும் வீட்டுப் பாட்டி விடமாட்டார்: "போயிட்டு வரேன்னு சொல்லுப்பா." ஹைம்ஸ் கேட்டது பாட்டிக்குத் தெரிந்த அந்த விதியைத்தான். ஒன்றைத் தரச்சொல்லிக் கேட்பவர் தாழ்ந்தவரானால் 'ஈ', ஒத்தவரானால் 'தா', உயர்ந்தவரானால் 'கொடு' என்று தொல்காப்பியமும் இதே வகை விதியைச் சொல்லதிகாரத்திலேயே வைத்திருக்கிறது.

1980இல் மொழி கற்பித்தல் ஆய்வாளர்கள் கனேலும் ஸ்வெயினும் இந்த ஆற்றலை இலக்கணம், சமூக வழக்கு, சமாளிப்பு என மூன்றாகப் பிரித்தார்கள். பேச்சைக் கோவையாகக் கொண்டுசெல்வதை 1983இல் கனேல் நான்காவதாகச் சேர்த்தார். எனக்குப் பிடித்தது சமாளிப்பு. 'வடிகட்டி' என்ற சொல் நினைவுக்கு வராதவர் கடையில் "டீ வடிக்கிறது குடுங்க" என்று வாங்கிவந்துவிடுகிறார். நம் வகுப்பறைத் தேர்வில் அவருக்குப் பூஜ்யம்தான்.

பிறகு 1997இல் மொழிக் கல்வி ஆய்வாளர் மைக்கேல் பைரம் பிற பண்பாட்டாரோடு பழகும் ஆற்றலை முன்வைத்தார். 2001இல் வெளிவந்த ஐரோப்பிய மொழித்தரச் சட்டகம், கற்பவரால் அந்த மொழியில் என்ன செய்ய முடியும் என்று கேட்டு ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள் வகுத்தது.

தமிழில் என்ன சொல்வது? 'தகவல் தொடர்புத் திறன்' என்றால் செல்போன் கோபுரம் நினைவுக்கு வருகிறது. இலங்கைத் தமிழில் வேரூன்றிய 'தொடர்பாடல்' இரு பக்கமும் நடப்பதைக் காட்டுகிறது, அதை எடுத்துக்கொள்ளலாம். அங்கே பாடத்திட்டங்களில் காம்பிடென்ஸுக்கு வழங்கும் 'தேர்ச்சி' தமிழ்நாட்டில் பாஸ் மார்க்கோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 'திறன்' கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்ற நான்குக்கும் ஏற்கெனவே போய்விட்டது. மிச்சம் இருப்பது 'ஆற்றல்'. சாம்ஸ்கியுடையது மொழியாற்றல், ஹைம்ஸுடையது தொடர்பாடல் ஆற்றல் என்று வைத்தால், ஒரே சொல்லை ஒருவரிடமிருந்து மற்றவர் பிடுங்கி விரித்த கதையும் தமிழிலேயே தெரியும்.